தண்ணீர்க் கணக்கு

கெடிலத்து நீர், பீப்பாய் அரைப்பணம்.
தேவனாம்பட்டினத்துக் கரையில் நான் எண்ணுகிறேன்,
பாவாடை உருட்டுகிறான்.
மூன்று அலை தாண்டினால் சலங்கு தப்பும் என்பார்கள்.
நாலாவது அலை
முந்தாநாள் பதினொன்றை விழுங்கியது.
எழுதினேன்: சேதம்.

வடக்கே, புதுச்சேரிக்கு நேராக
ஒன்பது பாய்க்கப்பல்,
நங்கூரம் போட்டு ஆறு மாதம்.
பட்டினி போட வந்தவனுக்கும்
நாக்கு வறளும், ஈறு வீங்கும்.
எலுமிச்சை கேட்டார்கள்; நாலாயிரம் போனது.
உயிர்மாடு கேட்டார்கள்.
கயிற்றில் தொங்கி ஏறிய காளை
கடலைப் பார்த்து மூத்திரம் பெய்தது.
அதற்குக் கணக்கில் பத்தி இல்லை.

பாவாடையின் தங்கை அஞ்சலாட்சி
அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டாள்.
மதிலுக்குள் படி அரிசி ஒரு வராகன் என்று
தப்பி வந்த நெசவாளி சொன்னபோது
இவன் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
துடைத்து முடித்துவிட்டுக் கேட்டான்:
"கணக்கரே, இந்தத் தண்ணி நின்னுபோனா
அவங்க எத்தினி நாள் நிப்பாங்க?"

பதினெட்டு, என்றேன்.
வாய் முந்திவிட்டது. தொழில் பழக்கம்.

இன்று காலை காற்றே இல்லை.
குளம்போல் கிடந்தது கடல்.
அதில் கவிழ்ந்தது
பாவாடையின் சலங்கு, இருபது பீப்பாயோடு.
நீந்தி வந்தவன் என் முன் நின்று
குடுமியைப் பிழிந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
மிதந்து கரை சேர்ந்த பீப்பாய்கள்
ஒன்றிலும் தக்கை இல்லை.

ஓலையை எடுத்தேன்.
காரணம் என்ற இடத்தில்
எழுத்தாணி கொஞ்சம் நின்றது.
பிறகு எழுதினேன்:
நாலாவது அலை.