கால் சுருதி

மைனஸ் பதினெட்டு.
கைக்கடிகாரம் முதல் பாலத்திலேயே செத்துப்போனது.
அதன் கணக்கில் இன்று நான் ஓடவில்லை.
என் இடது முழங்காலின் கணக்கில்
ஆறு கிலோமீட்டர், கொசுறாக ஒரு சறுக்கல்.
நான் முழங்காலை நம்புகிறவன்.

தார்த்து நகரில், எமயோகி உறைந்து கிடக்கும் கரையில்
இந்த நேரத்துக்கு ஓடுகிறவர்கள் இரண்டு பேர்.
மற்றவர் ஒரு நாய்.

உடற்பயிற்சிக் கூடத்தில் சேரச் சொல்கிறான் கைடோ.
ஓடி ஓடி அதே இடத்தில் நிற்பதற்கு
மாதம் நாற்பது யூரோவாம்.
அவன் புதுக் கைபேசி வாங்கும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன்:
புதிது என்பதால் ஒன்று நல்லதாகிவிடாது,
பழையது என்பதாலும் இல்லை.
திருகாணி இருந்தால் நல்லது.
பசையால் ஒட்டியிருந்தால் கெட்டது.
வேறு தத்துவம் என்னிடம் கிடையாது.
தலையாட்டிவிட்டுப் போவான்;
பேட்டரி அப்பமாக உப்பியதும் வந்து கதவைத் தட்டுவான்.

காலையில் கடிகாரம் மதிப்பெண் போடுகிறது,
தூக்கம்: அறுபத்தொன்று.
நன்றாகத் தூங்கினோம் என்று எழுந்தவனை
களைத்துப்போக வைக்க
ஓர் எண் போதும்.

ஓடும்போது கேட்க, நிமிடத்துக்கு நூற்றெழுபது தட்டில்
பாட்டு அனுப்பியது ஒரு செயலி.
யாரோ கடன்காரன் துரத்துவதுபோல் இருந்தது.
காதிலிருந்து கழற்றிவிட்டேன்.
பூட்ஸுக்கடியில் பனி பாடுகிறதே, அது போதும்.
பூஜ்யத்துக்குப் பக்கத்தில் சதக், சதக்.
குளிர் ஏற ஏற நறநற.
பதினெட்டில் கீச்.
வெப்பமானி இல்லாமலே சொல்லிவிடுவேன்,
இரண்டு டிகிரி முன்னே பின்னே.

என் மேசைக்கடியில் முள்ளம்பன்றி இருக்கிறது.
பன்னிரண்டு வயதுப் பெட்டி, நானே பூட்டியது,
பெயரும் நான் வைத்ததுதான்.
கொதிகலனின் பதினோரு குளிர்காலப் பதிவுகள்,
பாடற்குழுவின் ஒத்திகைகள் எல்லாம் அதற்குள்.
இரவும் பகலும் உறுமும் அதன் விசிறிதான்
என் சுருதிப்பெட்டி.
அதன்மேல் குரலை வைத்துத்தான்
கீழ்ஸ்தாயி வரிகளைப் பழகுவேன்,
அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டு,
சில நாள் பல் துலக்கிக்கொண்டு.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை
விர்வே கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார்.
"ஆண்களில் யாரோ கால் சுருதி குறைவு."
பதினான்கு ஆண்களும் அவரவர் காலைப் பார்த்தோம்.
அடுத்த வியாழனும் அதே.
மூன்றாவது வியாழன் அவர் வரிசை வரிசையாக நடந்து
காதைக் கொடுத்துக்கொண்டே வந்து
என் முன்னால் நின்றார்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

அன்றிரவு, நெற்றியில் விளக்கு கட்டி
முள்ளம்பன்றியின் நான்கு திருகாணிகளையும் கழற்றினேன்.
விசிறியில் கம்பளியாகப் படிந்த தூசி,
அதில் நெய்து கிடந்தது
பக்கத்து வீட்டுப் பூனையின் ரோமம்.
(என் வீட்டுக்குள் அந்தப் பூனை எப்போது வந்தது?)
நாளுக்கு ஒரு மயிரிழை
அது மெதுவாகியிருக்கிறது.
நாளுக்கு ஒரு மயிரிழை
நானும் கூடவே இறங்கியிருக்கிறேன்,
இருவரும் ஒத்துப்போகிறோம் என்ற நிம்மதியோடு.

சாயத் தூரிகை. தையல் எந்திர எண்ணெய், ஒரு சொட்டு.
பொத்தானை அழுத்தியதும்
உறுமல் ஏறி, ஏறி, நின்றது.
நான் பாடிப் பார்த்தேன்.
பள்ளத்திலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது.

அடுத்த வியாழன் விர்வே நிறுத்தவில்லை.
சரியாகப் பாடுகிறவனை யாரும் நிறுத்துவதில்லை.
கால் சுருதி ஏறிவிட்டது,
இடது கால்தான் இன்னும் ஏறவில்லை.

இதோ, ரேடியேட்டர்மேல் கிடந்த கடிகாரம்
உயிர் பிழைத்து அதிர்கிறது:
இன்று நீங்கள் அசையவே இல்லை.
முழங்காலில் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தோடு
கேட்டுக்கொள்கிறேன்.
மேசைக்கடியில் முள்ளம்பன்றி
வேலையாக இருக்கிறது.
உற்றுக் கேட்டால்,
இப்போதே
ஒரு மயிரிழை இறங்கித்தான் இருக்கிறது.