நான் எழுதாத மூன்று வரிகள்

கூனா தேனா வீட்டுப் பேரேட்டில்
பதினெட்டு வருஷமாய் என் கையெழுத்துதான்.
பிள்ளையார் நோன்புக்கு மறுநாள் காலை
திறந்தால்
நான் எழுதாத மூன்று வரிகள்.

சேவுகன் செட்டியாரை உங்களுக்குத் தெரியாது.
பள்ளத்தூரில் எழுபது கதவு வீடு,
எரிவது ஒரே விளக்கு, அதுவும் ஜீரோ வாட்.
தீக்குச்சியை நெடுக்கில் பிளந்து
இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வார்.
நோன்புக்கு இழை எடுப்பதும் தனியாகத்தான்.
மாவில் திரி செருகி, ஏற்றி,
சுடரோடு வாயில் போட்டுக்கொண்டு
கதவைச் சாத்திவிடுவார்.

அன்று சாயங்காலம்
சித்தாள் வள்ளிமயில் வந்திருந்தாள்,
மகளின் தோட்டை மீட்க.
பதினோரு ரூபாய் குறைந்தது.
"பொழுது சாஞ்சிருச்சு. நாளை வட்டியும் சேத்துக் கொண்டா."
அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அடகுச் சீட்டை மடித்து வைத்தவன் நான்தான்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் வரி:
*சாத்தப்பன் வகையில், தண்ணீர், ஒரு குவளை.*
பர்மாவிலிருந்து நடந்து வந்த கூட்டத்தில்
இவரும் சாத்தப்பனும் பெட்டியடிப் பையன்கள்.
குண்டில் எரிந்துபோன கடையின் சாவிக்கொத்து
ஒருவன் இடுப்பில்,
மூடி திருகிய தண்ணீர்ப் புட்டியும் அதே இடுப்பில்.
மற்றவன் மலைச்சரிவில் உட்கார்ந்தான்,
எழுந்திருக்கவில்லை.
நேற்று ராத்திரி வந்து
அதே இடத்தில் நிறுத்திய பேச்சைத் தொடர்ந்தானாம்:
"ஒரு வாய் குடுடா சேவுகா."
நாற்பத்தாறு வருஷ வட்டி போட்டுப் பார்த்திருக்கிறார்.
அடித்து, திருத்தி, மறுபடி அடித்து.
தாள் கிழிந்திருந்தது.
தொகைக் கட்டத்தில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது:
*சிகப்பி வகையில், எண்ணெய், அரைக் கரண்டி.*
ஆச்சி போய் ஒன்பது வருஷம்.
சாவி கேட்காமலே கதவுகளைத் திறந்துகொண்டு வந்து,
கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாளாம்.
கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம் வள்ளிமயில் குடிசை.
சிம்னி வெளிச்சத்தில் அந்தப் பெண்
விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துக்
காதுத் துளையில் செருகிக்கொண்டிருந்தது,
தூர்ந்துவிடாமல் இருக்க.
"பாத்தாச்சுல்ல" என்றாளாம் ஆச்சி.
வேறொன்றும் சொல்லவில்லை.
உயிரோடு இருந்தபோதும் அவள் அப்படித்தான்.

மூன்றாவது வரியில் பெயர் இல்லை.
*சாக்பீஸ், ஒன்று.*
முகம் தெரியாத ஒரு ஆள்.
தூணுக்கு எண் போட்டானாம், நிலைக்கு, ஊஞ்சல் சங்கிலிக்கு,
இவர் சாப்பிடும் நீல எனாமல் தட்டுக்கு.
வாசலில் காரைக்குடி லாரி உறுமிக்கொண்டிருந்தது.
இவருக்குப் பொறுக்கவில்லை:
"தேக்குப்பா! இந்த வெலைக்கா?"
அவன் திரும்பிப் பார்த்தான்.
"எனக்கு என்ன நம்பர்?"
"உங்களையா? சும்மா குடுத்தாலும் எடுக்க ஆள் இல்லை."

கனவு என்றுதான் நானும் சொன்னேன்.
திரும்பி நின்றபோது பனியன் முதுகில்
வெள்ளையாய் ஒரு கோடு.
சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்திருக்கலாம்.

நேற்று எடுக்காத இழை மாவு
தட்டில் வெடித்துக் கிடந்தது.
அதைத் தூக்கிக்கொண்டு, மற்ற கையில் தோட்டோடு,
கொல்லை வழியே செருப்பில்லாமல் நடந்தார்.
"நோன்பு நேத்தே முடிஞ்சுபோச்சே" என்றேன்.
"இழை நம்ம கோவில்காரங்களுக்குத்தானே" என்றும் சொன்னேன்.
"தாகத்துக்கு எந்தக் கோவில்?" என்றார், நிற்காமல்.

வள்ளிமயில் பயந்துபோனாள்.
அந்தப் பெண் பயப்படவில்லை,
எரிகிற மாவை வாங்கி
லபக்கென்று விழுங்கிவிட்டுக்
காதைக் காட்டியது.
அவர் கை நடுங்கியதால்
ஈர்க்கை நான்தான் உருவினேன்.

அன்றிலிருந்து அவர் வள்ளல் என்றால் பொய்.
பதினோரு ரூபாயைத் தள்ளுபடி என்று எழுதச் சொன்னார்,
எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.
தீக்குச்சியை இன்னமும் பிளக்கிறார்.
ஒரு பாதியை
என்னிடம் நீட்டுகிறார்.