இடது பின் சக்கரம் முதலில்

இம்தியாஸ் ஆம்பூர் கல்யாணத்துக்குப் போய்விட்டான்.
பிரேக்கில் காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும்,
ஒருத்தர் கால், இன்னொருத்தர் கை.

ஞாயிறு மத்தியானம். காகிதப்பட்டறையில்
நிழலும் கடையடைத்திருந்தது.
எதிர் லாட்ஜ் படியில்
மூன்று வாரமாய் உட்கார்ந்திருக்கும் பெங்காலிக்காரர்
ஸ்கேன் கவரால் விசிறியபடி
ஃபியட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கைகாட்டிக் கூப்பிட்டேன்.
யார் வீட்டுக்குள்ளோ நுழைகிற மாதிரி
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

எழுபத்து நாலாம் வருஷத்து வண்டி.
மாருதியில் கழற்றிய பூஸ்டரை
போன வாரம்தான் அதற்குள் உட்கார வைத்தேன்.
ராடு ஒரு நூல் கூடி, வெட்டி,
அரை நூல் குறைந்து, மறுபடி பற்றவைத்து.
புதன்கிழமை இது ஏலகிரி இறங்க வேண்டும்.
பதினாலு கொண்டையூசி வளைவு.
பெடலோ பஞ்சுமூட்டை.

எஞ்சின் அணைந்தபடியே
ஏழெட்டுத் தரம் மிதிக்க வைத்தேன்,
பூஸ்டரின் மிச்ச உறிஞ்சல் தீர.
பிறகு மல்லாந்து உள்ளே போனேன்.
தூரத்துச் சக்கரம் முதலில்.
நிப்பிளில் சலைன் ட்யூப்,
மறுமுனை பாதாம்பால் பாட்டிலில்.

"அமுக்கு" என்றேன். புரியவில்லை.
"பிடி" என்றதும் மிதித்து நின்றார்.
அரைச்சுற்று திறந்தேன். பெடல் தரைக்குப் போக
மேலே "ஏ கீ!" என்று ஒரு கத்தல்.
ஆனால் காலை எடுக்கவில்லை.
எடுத்திருந்தால் வெளியேறிய காற்று
வந்த வழியே திரும்பியிருக்கும்.
மூடினேன். "விடு."
விட்டார்.

டீ நிறத்தில் வந்தது, குமிழி குமிழியாய்,
பிறகு கடுகளவு, பிறகு ஒன்றுமில்லை.

மூன்றாவது சக்கரத்தில் அவரே முந்திக்கொண்டார்.
"மூச்சே இழு... பிடி... விடு."
சொல் அவருடையது, குரல் அவருடையதில்லை.
சன்னலுக்கு அந்தப்பக்கம்
மனைவியைப் படுக்கவைத்த இயந்திரம்
சொல்லும் ராகம்.
ஸ்பானர் என் கையில் சும்மா இருந்தது கொஞ்ச நேரம்.
பிடித்தபடியே இருந்தார்.

கடைசியில் பெடல் கல்லானது.
காலை எடுக்காதே என்று சைகை செய்து
சன்னல் வழியே சாவியைத் திருப்பினேன்.
எஞ்சின் பிடித்ததும்
கல் ஓரங்குலம் தானாய் இறங்கியது.
அவர் முகம் வெளுத்தது.

இறங்கத்தான் வேண்டும் இது,
இந்த இறக்கம் வேறு என்று
எந்தப் பாஷையில் சொல்ல?
"குட்" என்றேன்.
"ரிப்போர்ட் குட்?"
தலையாட்டினேன், வண்டியைக் கேட்கிறார் என்று.

மட்கார்டில் சொட்டிய ஆயில்
பெயின்ட்டைத் தின்னுமுன் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.
பின் சீட்டில் அந்தக் கவர்.
கையைத் துடைத்து, மறுபடி துடைத்து
எடுத்து நீட்டினேன்.
அவர் இன்னும் வெறுங்காலோடு
பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.