மூன்றாம் மேசை

அபர்டீன் துறைமுகத்தில் மழை சாய்ந்துதான் பெய்யும்.
பாதி நனைந்து உள்ளே வந்தார்கள்
ஷோனாவும் ஸ்ட்ருவனும்.
"இன்னைக்குக் கையெழுத்துப் போட்டாச்சு" என்றாள்,
நான் கேட்கவே இல்லை.

பெயரைப் பார்த்துக் குடிப்பவள் அவள்.
'கலங்கரைக் காவலனின் பொய்' ஒன்று.
ரோஸ்மேரிக் குச்சியைக் கொளுத்தி
அதன் புகைமேல் கோப்பையைக் கவிழ்த்தேன்.
"வீடு எரிஞ்ச வாசனை" என்றான் அவன்.
அவனுக்கு விஸ்கி, இஞ்சி, எலுமிச்சை;
பெயரெல்லாம் வேண்டாமாம்.

வீடு அவளுக்கு, படகு அவனுக்கு,
நாய் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே.
எல்லாவற்றையும் பிரித்தவர்கள்
இறைச்சி போர்த்திப் பொரித்த முட்டை
ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

கத்தி இறங்கியதும் மஞ்சள் கரு
ஒரு பக்கமாகவே வழிந்தது.
அவள் தட்டை அவன் பக்கம் திருப்பினாள்.
அவன் திரும்பத் திருப்பினான்.
வினிகர் ஊறிய வறுவல்
நடுவில் ஆறிப்போனது.

இரண்டாம் சுற்றில் அவள் கோப்பையை ருசி பார்த்து
முகம் சுளித்தான்.
பதினாறு வருஷமா அதே சுளிப்பு என்று
சிரித்தவளுக்கு
காகிதக் கைக்குட்டை எட்டு தேவைப்பட்டது.

"பில்லைப் பிரித்துத் தரவா?"

கேட்டிருக்கக் கூடாது.
கடை மூடி,
பொரித்த எண்ணெயை வடிக்கும்போதும்
வாய்க்குள் கிடந்து கசந்தது
அந்த ஒரு கேள்வி.