தொப்புளுக்குக் கீழே நாலு விரல்

சோஹார். ராத்திரி இரண்டே கால்.
சக்கர நாற்காலியில் அவளை இறக்கிவிட்டு
வண்டியை ஓரமாக நிறுத்திவரப் போன டிரைவர்
திரும்பவில்லை.
நாற்பது நிமிஷம் நெஞ்சை அழுத்தினோம்.
பிறகு முதஸ்ஸிர் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்,
நேரத்தைச் சொன்னார்,
கையுறையைக் கழற்றினார்.

பெயர் அல்மாஸ். எத்தியோப்பிய பாஸ்போர்ட்டின் மங்கல் நகல்.
இருபத்துநாலு வயது. வீட்டுவேலை.
காரணம்: காய்ச்சல், ரத்தத்தில் கிருமி, இதயம் நின்றது.
மணமாகவில்லை என்று யாரோ தட்டியிருந்ததால்
கர்ப்பம் என்ற கட்டத்தில்
'பொருந்தாது' என்று தானாகவே விழுந்திருந்தது.

உடம்பைத் துடைப்பது எனக்கும் ஜெஸ்லினுக்கும்.
அபாயாவுக்குள் டி-ஷர்ட், அதற்குள்
மார்போடு இறுக்கிச் சுற்றிய பழைய துப்பட்டா.
கத்தரித்தேன்.
ஈரம்.
ஸலைன் சிந்தியிருக்கும் என்றாள் ஜெஸ்லின்.
ஸலைன் இப்படி மணக்காது.

பதினோரு வருஷம் மார்த்தாண்டத்தில்
பிரசவ வார்டு பார்த்த கை.
என்னைக் கேட்காமலே போய்
அடிவயிற்றில் உட்கார்ந்தது.
தொப்புளுக்குக் கீழே நாலு விரல் தள்ளி
உருண்டையாக, தொளதொளவென்று,
கர்ப்பப்பை.
நாளொன்றுக்கு ஒரு விரல் இறங்கும்.
நாலு நாள்.

நாற்பத்திரண்டு நாளுக்குள் என்றால்
அது மகப்பேறு மரணம்.
தனிப் படிவம், தனிக் கமிட்டி,
விடிந்ததும் போன்.

எழுதினால் போலீஸ் வரும், என்றார் முதஸ்ஸிர்.
கெட்டவர் இல்லை. கார்ட்டூமில் மூன்று தங்கைகள்,
விசா புதுப்பிக்க ஒரு மாதம்.
எழுதாவிட்டாலும் செத்தவள்தானே, சிஸ்டர்.

எழுதாவிட்டால் காய்ச்சலில் செத்தவள், என்றேன்.
சொல்லி முடித்த பிறகுதான்
என் விசா தேதி ஞாபகம் வந்தது.

வெகுநேரம் நின்றார்.
புதுக் கையுறை மாட்டிக்கொண்டு
என் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்தார்.
ஒன்றும் பேசவில்லை.
'பொருந்தாது' என்பதை அழித்தார்.

படிவத்தில் பெயருக்கு இடமில்லை.
யாரையும் மாட்டிவிட அல்ல, அடுத்தவளைக் காப்பாற்ற
என்று மஸ்கட்டில் வகுப்பெடுத்தபோது சொன்னார்கள்,
நல்ல பிஸ்கட் கொடுத்தார்கள்.
பிரசவம் நடந்த இடம்: தெரியவில்லை.
பிரசவம் பார்த்தவர்: தெரியவில்லை. ஒருவேளை யாருமில்லை.
குழந்தை: உயிரோடு, உயிரற்று.
இரண்டுக்கும் நடுவே பேனாவை வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன். ஏ.சி. மட்டும் இரைந்தது.

சுபுஹு பாங்கு அடங்கிய நேரம்
டிரைவர் வந்தான்.
அவளுடைய செருப்பைக் கேட்டான். கொடுத்தேன்.
போகவில்லை.
மருந்துக்கடைப் பக்கம் பார்த்தபடி, அரை இந்தியில்:
அஞ்சு நாள் குழந்தைக்கு
எந்த நம்பர் பால்பொடி?

அஞ்சு.

சீழ் பிடித்த கர்ப்பப்பை மெதுவாகத்தான் இறங்கும்.
முதல் வருஷப் பாடம். நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒண்ணாம் நம்பர், என்றேன்.
கொதித்து ஆறிய தண்ணீர்.
பிள்ளையை இங்கே கொண்டு வா.
தலையாட்டினான்.
எதற்கு ஆட்டினான் என்று தெரியவில்லை.

'உயிரோடு' என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன்.
நாலை அடித்து அஞ்சு என்று எழுதி
பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன்,
திருத்தம் என்னுடையது என்று தெரிய.