ஒரு மாதம் முந்திய பாஸ்கு

சுவாமியார் பரிசலேறிப் போனது ஆடியில்.
கொள்ளிடம் கரைமுட்டக் கிடந்தது.
அக்கரையில் ஒருத்திக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது,
அவஸ்தை பூசிவிட்டு வந்துவிடுகிறேன்,
மதலேன், நீ விளக்குக்கு எண்ணெய் பார்த்துக்கொள் என்றார்.
அவ்வளவுதான்.
மூன்றாம் நாள் பரிசல் மட்டும்
மணல்திட்டில் கவிழ்ந்து கிடந்ததாம்.

பதினேழு வருஷம் எண்ணெய் பார்த்தேன்.
புன்னை, இலுப்பை,
பஞ்சத்தில் வேப்பெண்ணெய்.
அதன் நாற்றத்தில் பிள்ளைகள்
செபத்தின் நடுவே தும்மின.

கோயில் என்றால்
நாலு பனங்கால், நாணல் கூரை.
இருமுறை வெள்ளம் கொண்டுபோனது.
இருமுறையும் குருசு மட்டும்
வேலிமுள்ளில் சிக்கி நின்றது.
அற்புதம் என்றாள் இஞ்ஞாசியம்மாள்.
முள் நல்ல முள் என்றான் அவள் புருஷன்.

வாய்க்கால் முறை எங்களுக்கு நின்றுபோனது.
நாட்டாண்மையிடம் சொல்ல வேண்டியது
ஒரே ஒரு வார்த்தை.
அதைச் சொல்லாமல்
வெடித்த வயலின் வரப்பில்
உட்கார்ந்திருந்தோம்.

ராயப்பன் சொன்னான்.
அவனுக்கு ஐந்து பிள்ளைகள்.
மறுநாள் நெற்றியில் நீறு.
நமக்கு வருஷத்தில் ஒருநாள் சாம்பல்,
அவனுக்குத் தினமும் என்று
யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.
அந்த வாரத்திலிருந்து
எங்கள் பக்கத்து மடைப்பலகையை
இருட்டில் எவரோ ஒரு சாண் தூக்கினார்கள்.
விடியுமுன் இறக்கியும் விட்டார்கள்.
நாற்று கருகவில்லை.
யாரென்று நாங்கள் கேட்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை பேர் சொல்லி வேண்டும்போது
ராயப்பன் பேரை நான் விட்டதுமில்லை.

ஞாயிறு தொலையாது, சந்தை சொல்லிவிடும்.
பாஸ்குதான் திண்டாட்டம்.
நிலவோடு நடக்கிற திருநாள் அது.
தேதி எழுதிவைத்த ஏட்டைக் கரையான் தின்றுவிட்டது.
மிஞ்சிய ஞாபகம் இவ்வளவே:
நிலவு நிறைய வேண்டும்,
அப்புறம் ஒரு ஞாயிறு வர வேண்டும்.
எந்த நிலவு?
பங்குனி என்றான் தொம்மை.
குதிரில் நெல் இருக்கும்போது கிடப்பதுதான் ஒருசந்தி,
இல்லாத மாதத்தில் கிடப்பது
வெறும் இல்லாமை என்றான்.
சரியென்று பட்டது.
வருஷத்துக்கு நாற்பது நாள்
நெல்லைப் பார்த்துக்கொண்டே பசித்திருந்தோம்.

பிறகு ஒரு பங்குனி நடுவில்
புதிய சுவாமியார் வந்தார்.
இளவயது. நடந்து நடந்து கால் வீங்கியிருந்தது.
ஒருசந்தி எத்தனையாம் நாள் என்று
உடைந்த தமிழில் கேட்டார்.
எங்கள் இலைகளில் கோழிக்குழம்பு.
பாஸ்கு போன ஞாயிறே ஆயிற்று, சுவாமி.

புத்தகத்தைப் புரட்டினார். விரல் மடக்கினார்.
மறுபடி மடக்கினார்.
இல்லை, இன்னும் நாலாம் ஞாயிறு என்றார்.

தொம்மை வாயிலிருந்த சோற்றை
விழுங்கவுமில்லை துப்பவுமில்லை.
இஞ்ஞாசியம்மாள்தான் எழுந்து போய்
அவர் முன்னால் நின்றாள்.
எந்தெந்த வருஷம் சரியாயிருந்தது என்று
பார்த்துச் சொல்லுங்கள்.
என் மகன் ஒருசந்தி விடமாட்டேனென்று
காய்ச்சலோடு மோரைத் தள்ளிவிட்டுப் போனானே,
அந்த வருஷத்தையாவது.

அவர் புத்தகத்தை மூடினார்.
வெகுநேரம் விளக்கையே பார்த்தார்.
பிறகு பந்தியின் கோடியில் உட்கார்ந்து
ஓர் இலையை இழுத்துப் போட்டுக்கொண்டு
கஞ்சி இருக்கிறதா என்றார்.

கோழிச்சட்டியை யாரோ கொல்லைக்குக் கொண்டுபோனார்கள்.
நாலு வாரம்தானே என்றான் தொம்மை.

இரவு பேர்ப்பதிவு. நான் சொல்லச் சொல்ல
அவர் எழுதினார்.
இறந்தவர் ஒன்பது. பிறந்தவர் பதினான்கு,
நான் தலையில் தண்ணீர் வார்த்தவர்கள்.
ராயப்பன் என்றேன்.
இறகு நின்றது.
வந்திருக்கிறானா?
தண்ணீர் வந்திருக்கிறது, சுவாமி.
அவருக்குத் தமிழ்
அவ்வளவாகப் பிடிபடவில்லை.
எழுதிக்கொண்டார்.