முதுகில்லாத புத்தகம்

மருதானைப் பழைய புத்தகக் கடைகளில்
மழைக்கு ஒதுங்கியபோது கிடைத்தாள்
ஒடெல் மே ஃப்ரேசர்.
டெட்ராய்ட், அறுபத்தொன்பது.
நாற்பது பக்கம், சாம்பல் அட்டை, இரண்டு கம்பி.
ஏதோவொரு நூலகம் கழித்துவிட்ட முத்திரை
அவள் பெயரின் மேலேயே விழுந்திருந்தது.

முதுகில்லாத புத்தகத்துக்கு
அலுமாரியில் பெயர் இல்லை.
தடித்த இரண்டுக்கு நடுவே
ஒரு கோடாக நின்றிருக்கும்.
தேடி வந்த விரல்
தாண்டித்தான் போயிருக்கும்.

உள்ளே, சிறிய எழுத்தில்:
தேவாலயத்து நிலவறையில்
கையால் சுற்றி அச்சிட்டது. ஐந்நூறு பிரதி.
பிழை இருந்தால் என் தம்பி கர்ட்டிஸைத் திட்டவும்.

சிரித்துவிட்டேன்.
கடைக்கார நௌபர் நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டுக்காரனின் டோப்பா முடிக்கு ஓர் இரங்கற்பா.
குளிர்சாதனப் பெட்டியோடு ஒரு சண்டை.
நியூயார்க் பதிப்பாளருக்கு ஒரு பதில்:
'ஐயா, நீங்கள் கேட்ட கண்ணீர்
இந்த மாதம் கையிருப்பில் இல்லை.
பதிலுக்கு அவரைக்காய் அனுப்புகிறேன்,
உப்புக் குறைவாக இருந்தால் மன்னிக்கவும்.'

இவளையா நான் படித்தேன்?
பல்கலைக்கழகத்தில், அந்தத் தலையணைத் தொகைநூலில்
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
ஒரே ஒரு கவிதை.
பொலிஸ் தடி, தம்பியின் தலை, படிக்கட்டில் ரத்தம்.
'ஒடெல் மேயின் துயரத்தை விளக்குக.'
நாலு பக்கம் விளக்கினேன். நல்ல புள்ளி.

அந்தக் கவிதை இதிலும் இருக்கிறது,
ஒன்பது வரி கூடுதலாக.
ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தம்பி
கட்டுப் போட்ட தலையோடு மேசையில் அமர்ந்து
பணியாரத்தில் சீனி போதாது என்கிறான்.
அவள் கரண்டியால் அடிக்க ஓங்கி
எங்கே அடிப்பது என்று தெரியாமல் நிற்கிறாள்.

இடம் போதாமல் இருந்திருக்கலாம்.
யாரோ ஒரு நல்ல மனிதர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
ரத்தத்தோடு முடிந்தால் பலமாக இருக்கும்
என்று நினைத்திருக்கலாம்.
பிறகு வந்த தொகுப்புகள்
அவரைப் பார்த்தே எழுதிக்கொண்டன.
பிறகு வந்த நாங்கள் பரீட்சை எழுதினோம்.

போன கிழமை சென்னையிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
சோதனைச் சாவடிக் கவிதைகள் ஏழும் அபாரம்.
வெள்ளவத்தை லிஃப்ட் பற்றியது எதற்கு?
காலிமுகத்திடல் இறால் வடை எதற்கு?
எடுத்துவிடலாமே.
அட்டையில் முள்வேலி யோசித்திருக்கிறோம்.
அவர் கெட்டவர் இல்லை. காசு கேட்கவில்லை.
முதுகுள்ள புத்தகம் போடுவதாகச் சொன்னார்.
'சரி' என்று தட்டச்சு செய்து
அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

'இது புத்தகமில்ல மிஸ், கடதாசி,' என்றார் நௌபர்.
'வேற ஏதும் எடுத்தீங்கண்டா இது சும்மா.'
சும்மா வேண்டாம், விலை சொல்லுங்க.
திருப்பிப் பார்த்தார்.
'எழுபத்தஞ்சு சதம் எண்டு போட்டிருக்கு.
எங்கட சதமா, அவங்கட சதமா?'
கொஞ்ச நேரம் இருவரும் அதைப் பேசினோம்.
முந்நூறு ரூபாவுக்குத் தீர்ந்தது.

பஸ்ஸில் பார்த்தேன்,
கம்பியின் துரு விரலில் ஏறியிருந்தது.
வீட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை.
ஏழு மாடி.
மூன்றாவதில் மூச்சு வாங்க நின்றபோது
எதிர்வீட்டு மிஸிஸ் டி சேரம்
அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து
லிஃப்டை மூன்று மொழியில் ஏசிக்கொண்டிருந்தார்.

பையில் பேனையைத் தேடினேன்.